பழைய கைப்பேசியை என்ன செய்வது?

(பரிசளிப்பு விழாவில் நம் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் படிப்பைப் பற்றிப் பேசாமல், வாத்தியார் பழைய கைப்பேசியைப் பற்றிப் பேசுகிறாரே என்று எண்ண வேண்டாம். இதுவும் வீட்டுக்கு வேண்டிய படிப்புதான். நம் லயத்தில் எந்த வீட்டுப் பிஸ்கட் டின்னைத் திறந்தாலும் இரண்டு மூன்று பழைய கைப்பேசிகள் கிடக்கும். 2021-ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது இன்னும் சில அதில் சேர்ந்தன. வீச மனம் வரவில்லை; வைத்திருந்தும் பயனில்லை.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் தந்தையார் காலமான பிறகு அவருடைய கைப்பேசியை அம்மா பல வருஷம் பெட்டிக்குள் வைத்திருந்தார். "தம்பி, அதைத் தூக்கிப் போட்டுறாதே. அதுல அப்பா பேசினது இருக்கு" என்பார். ஒரு நாள், படித்தவன் என்ற நினைப்பில் நான் அதற்குச் சார்ஜ் போட்டேன். சிறிது நேரத்தில் பேட்டரி பூரி போல் உப்பி, பின்மூடி எழும்பிவிட்டது. நல்ல வேளை, பக்கத்திலேயே இருந்ததால் உடனே பிடுங்கிவிட்டேன். பட்டணத்துக் கடைக்காரர் என்னைத் திட்டிவிட்டு, வேறு பேட்டரி போட்டு, குரல் பதிவை என் கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்தார்.

"மழை இருட்டிக்கிட்டு வருது. கொடியில கெடக்குற துணிய எடு." அவ்வளவுதான் அப்பா பேசியிருந்தார். அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அந்தப் பழைய கைப்பேசியை அவரே என் கையில் கொடுத்து, "இனி இதைக் கொண்டு போ" என்றார்.

ஆகவே பெரியோர்களே, முதலில் உள்ளே இருக்கும் நம் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். படம், குரல், எண்கள் எல்லாவற்றையும் வேறு கைப்பேசிக்கு மாற்றுங்கள். சிம் அட்டையையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் ஆகியவற்றிலிருந்து வெளியேறி, கைப்பேசியிலுள்ள அனைத்தையும் அழித்துவிடுங்கள். அழிக்காமல் விற்றால், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டதற்குச் சமம்.

அடுத்து, அது இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பள்ளி மூடியிருந்ததே, நினைவிருக்கிறதா? அப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே கைப்பேசி. இரவு பத்து மணிக்குப் பாடம் எழுதி எனக்கு அனுப்பிய பிள்ளைகள் உண்டு. அன்று டின்னில் தூங்கிய ஒரு கைப்பேசி அவர்களுக்குக் கரும்பலகையாகியிருக்கும். எனவே, நல்ல நிலையில் இருந்தால் தேவைப்படும் வீட்டுக்கு உடனே கொடுங்கள். வைக்க வைக்க அதுவும் பயனற்றுப் போகும். 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 உள்ள கைப்பேசிகளில் வாட்ஸ்அப் நின்றுவிட்டது.

உயிர் போன கைப்பேசியை என்ன செய்வது? மாணவர்களே, கவனியுங்கள். கத்தியால் பேட்டரியைக் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். தங்கம் இருக்கிறதென்று யாரோ சொன்னதை நம்பிக் கொளுத்தவும் வேண்டாம். பத்து இலட்சம் கைப்பேசிகளில் சுமார் 34 கிலோ தங்கம் எடுக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் ஒரு கைப்பேசியில் மூக்குத்திக்குக்கூடத் தேறாது. கிடைப்பது நச்சுப் புகைதான். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது லயத்துக் குழந்தைகள்.

குப்பைத் தொட்டியும் அதற்குரிய இடமன்று. 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி நம் நாட்டில் மின்னணுக் கழிவு தனியாகக் கையாள வேண்டிய கழிவு. சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு மையங்கள் இருக்கின்றன. சம்பளத்துக்குப் பட்டணம் போகும்போது கையோடு கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். உலகில் 2022-இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு மட்டுமே. நம் டின்னில் கிடப்பதும் அந்த மிச்சத்தோடு சேர வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த டின்னைத் திறங்கள். படத்தை எடுக்கப் பிள்ளை சொல்லிக் கொடுப்பான். படத்தில் இருப்பவர் யாரென்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள். அதைவிட நல்ல பாடத்தை என்னால் வகுப்பில் நடத்த முடியாது.