என்னையும் சேத்துக்கோங்க

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய கஷ்டம் எது என்று பெற்றோரிடம் கேட்டால் வீட்டுப்பாடம் என்பார்கள், டீச்சரின் அதட்டல் என்பார்கள். பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். "என்னைய ஆட்டத்துல சேத்துக்கவே மாட்டேங்குறாங்க." ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். கிள்ளினான், பென்சிலைப் பிடுங்கினான் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கோபத்தை ஆற்றிக்கொள்வது, காத்திருப்பது, அடுத்தவர் வருத்தத்தைப் புரிந்துகொள்வது என்று குழந்தைகளின் மன வளர்ச்சியில் பேச எவ்வளவோ இருக்கிறது. எனக்குக் கிடைத்த இந்தச் சில நிமிடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது.

அமெரிக்காவில் விவியன் பேலி என்று ஓர் ஆசிரியை இருந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பள்ளியில் மழலையர் வகுப்பு எடுத்தவர். சில பிள்ளைகளே எப்போதும் நாட்டாமை செய்வதும், சில பிள்ளைகளே எப்போதும் ஒதுங்கி நிற்பதும் அவரை உறுத்தின. 'நீ விளையாட வராதே என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது' என்று ஒரு விதி கொண்டுவர நினைத்தார். உடனே அறிவித்துவிடவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பெரிய பிள்ளைகளிடம் போய்க் கருத்துக் கேட்டார். விதி நியாயமானதுதான், ஆனால் நடைமுறைக்கு ஒத்துவராது என்று பலர் சொன்னார்கள். சொல்லும்போதே, தாங்கள் ஒதுக்கப்பட்ட நாட்களையும் நினைவுபடுத்திச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள் நேயர்களே, அந்த வயதில் பட்ட காயம் எத்தனை நாள் தங்கிவிடுகிறது! மழலையர் வகுப்பிலோ விதி நிலைத்தது. இதை 1992-ல் அவர் ஒரு புத்தகமாக எழுதினார்.

அவர் வகுப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். பிள்ளை ஒரு கதை சொல்லும், ஆசிரியை அதை அப்படியே எழுதிக்கொள்வார், பிறகு வகுப்பே அதை நடிக்கும். புது விதி வந்தபின் கதாபாத்திரங்கள் முறைவைத்து எல்லோருக்கும் போயின. கதை சொன்னவரின் கூட்டாளிக்கு மட்டுமே ராஜா வேடம் என்பது முடிந்துபோனது.

என் வகுப்பிலும் இதைச் செய்கிறோம். ஒரு பையன் கதை சொன்னான்: "லாரி வந்துச்சு. லாரிக்குத் தூக்கம் வந்துச்சு. எல்லாரும் தள்ளுனாங்க." அவ்வளவுதான் கதை. லாரி வேடம் முறைப்படி, யாரோடும் பேசாத ஒரு பெண்ணுக்கு வந்தது. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். வகுப்பு மொத்தமும் சேர்ந்து தள்ளியது. அப்படி ஒரு சிரிப்பு அவளிடமிருந்து அதுவரை வந்ததே இல்லை. அடுத்த இடைவேளையில் அவளைக் கூப்பிட ஆள் வந்தது.

ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு உள்ளே நுழையவும் கற்றுக்கொடுக்க வேண்டும். "நானும் வரட்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் "வேணாம்" என்றுதான் பதில் வரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்து, ஆட்டத்தோடு ஒட்டிய ஒரு வேலையோடு போகும் பிள்ளைக்கு இடம் எளிதாகக் கிடைக்கிறது. குழந்தைகளைக் கவனித்த ஆய்வாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்த ஒரு சிறுமி, வேப்பமரத்தடியில் சொப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அவங்க வீட்டுல காய் இருக்கா, பாரு" என்றேன். கை நிறைய இலை பறித்துக்கொண்டு போய், "காய்... காய்..." என்று கூவினாள். பேரம் பேசினார்கள். கத்தரிக்காய் வாங்கினார்கள். கடைசியில் சாப்பாட்டுக்கும் உட்கார வைத்தார்கள்!

சேர்க்க மறுத்த பிள்ளையைப் பொல்லாதது என்று முத்திரை குத்திவிடாதீர்கள். கிடைத்த ஒரே கூட்டாளியும் கைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம் அதற்கு இருக்கும். அந்தப் பயத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

யாரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்ள வீட்டில் நம்மிடம் பழைய ஏற்பாடே ஒன்று உண்டு. விடுமுறைக்கு அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் கூடும்போது, கடைக்குட்டியை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். பெயரை விடுங்கள், ஏற்பாட்டைப் பாருங்கள். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. எல்லோருடனும் ஓடலாம். ஓடி ஓடியே ஆட்டத்தின் சட்டம் படித்துவிடுவான்.

நேரம் நெருங்கிவிட்டது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அணி பிரிக்கும்போது இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் பொறுக்கவிடாதீர்கள். கடைசியில் மிஞ்சி நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒரு முறை பாருங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தாலே போதும். பெற்றோரே, இன்று மாலை பிள்ளை வந்ததும், என்ன எழுதினாய் என்று கேட்பதற்கு முன்னால், யாரோடு விளையாடினாய், யார் தனியாக நின்றார்கள் என்று கேளுங்கள். சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். நாளைக்கு அந்தத் தனிப் பிள்ளையையும் கூப்பிடச் சொல்லி அனுப்புங்கள்.