வரைபடத்தில் மாறிய எண்



வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் நம்பாதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டு நமக்கு இது மனப்பாடமாகிவிட்டது. ஆனால், கூப்பிடுவதே நாமாக இருந்தால்?

2018-இல் மகாராஷ்டிரத்தில் அதுதான் நடந்தது. கூகுள் மேப்ஸில் பேங்க் ஆஃப் இந்தியா கிளையைத் தேடினால், பெயர் சரி, முகவரி சரி. தொலைபேசி எண் மட்டும் மோசடிக்காரர்களுடையது. வாடிக்கையாளர்கள் தாங்களாகவே அழைத்தார்கள். எதிர்முனையில் இருந்தவர் வங்கி ஊழியர்போலவே பேசி, பின் நம்பரையும் கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். விஷயம் சைபர் போலீஸ் வரை போனது. இதில் ஏமாந்தவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாராக இருந்தாலும் அந்த எண்ணைத்தான் அழைத்திருப்பார்கள்.

எண்ணை எப்படி மாற்ற முடிந்தது? ஒரு கடை இடம் மாறினால், அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்று அந்த வரைபடத்தில் வசதி உண்டு. நல்ல வசதிதான். அதே வழியில்தான் திருடனும் நுழைகிறான். 2014-இல் அமெரிக்காவில் பிரையன் சீலி என்பவர், இந்த ஓட்டையைக் காட்டுவதற்காகவே, எஃப்பிஐ அலுவலகத்தின் பெயரிலேயே தன் எண்ணைப் பதிந்தார். வந்த அழைப்புகளை உண்மையான அலுவலகத்துக்கே திருப்பிவிட்டு, இடையில் பேச்சைப் பதிவு செய்தார். பிறகு தானே போய் அதிகாரிகளிடம் சொன்னார்.

2018-இல் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகமான போலிப் பதிவுகளை நீக்கியதாக கூகுள் சொல்கிறது. அது போதாது. வங்கி, மருத்துவமனை எண்ணை ஒருவர் மாற்றச் சொன்னால், பழைய எண்ணுக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கேட்காமல் மாற்றவே கூடாது.

சிறு கடைக்காரர்களுக்கு வேறு கஷ்டம். வேண்டாதவர் யாரோ 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று போட்டுவிட்டால், ஆள் வரவில்லையே என்று கல்லாவில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். கடைப் பதிவை உங்கள் பெயரில் உறுதி செய்துகொள்ளுங்கள், காசு கிடையாது. அவ்வப்போது உங்கள் கடையை நீங்களே தேடி, எண்ணையும் நேரத்தையும் பாருங்கள்.

வங்கி எண் வேண்டுமென்றால் பாஸ்புக்கிலோ கார்டின் பின்பக்கத்திலோ பாருங்கள். பணம் போய்விட்டதென்றால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறிப் போவதற்குள் அந்தக் கணக்கை முடக்க வழி உண்டு.