கவலையும் பசியும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கவலையால் உடல் இளைக்கும் என்பதே நம்மவர் கொள்கை. ஆதலின், கடன்பட்ட ஒருவரோ கணவனை இழந்த ஓர் அம்மையோ பருத்துவிட்டால், "இவர்களுக்கு என்ன கவலை?" என்று உறவினர் புறம்பேசுகின்றனர். அப்பேச்சு நியாயமன்று என்பதை எடுத்துரைக்கவே யான் இன்று நிற்கின்றேன்.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றின்மேலும் குல்லாய் கவிழ்த்தாற்போல ஒரு சிறு சுரப்பி உண்டு. திடீரென அச்சம் நேருங்கால், அதன் உட்பகுதி அட்ரினலின் என்னும் சுரப்புநீரை இரத்தத்தில் விடுகின்றது. இருதயம் படபடக்கும், பசி அடங்கும். பாம்பைக் கண்டவன் பலகாரத்தை நினையான். கவலை நீடிக்குமாயினோ, அச்சுரப்பியின் புறப்பகுதியினின்று கார்ட்டிசால் என்னும் வேறொரு நீர் பெருகுகின்றது. இது எளிதில் தணியாது. செலவான சக்தியை ஈடுசெய்யுமாறு பசியைத் தூண்டும். பாம்புக்கு அஞ்சி ஓடியவனுக்குச் சக்தி செலவாயிற்று. வட்டிக் கணக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன செலவாயிற்று? பசி மட்டும் இருவர்க்கும் வருகின்றது.

அப்பசி கீரையையும் மோரையும் கேட்பதன்று. இனிப்பையும் நெய்ப்பண்டத்தையுமே நாடுவது. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிசா எபெல் என்னும் அம்மையாரும் அவர்தம் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், 59 பெண்களுக்கு மனத்தை நெருக்கும் வேலைகளைக் கொடுத்துப் பின்னர்ச் சிற்றுண்டிகளை எதிரே வைத்தனர். கார்ட்டிசால் மிகுதியாகச் சுரந்தவர்களே அந்நாளில் அதிகம் உண்டனர். இனிப்பையும் அவர்களே கூடுதலாக உண்டனர்.

இந்நீர் மிகுந்தால் கொழுப்பு வயிற்றில் வந்து தங்கும். இதன் கடைசி எல்லையை 1932-இல் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க சஸ்திர வைத்தியர் விவரித்தார்: முகம் பூரணசந்திரன்போல் உருண்டு, வயிறு பெருத்து, கைகால்கள் மட்டும் மெலிந்துபோம். அஃது அபூர்வமான நோய். வீட்டுக் கவலை நம்மை அவ்வளவு தூரம் கொண்டுசெல்லாது. எல்லோரும் பருப்பதுமில்லை. உணவை வெறுத்து இளைப்போரும் உளர். நம்மவர் கொள்கை அவர்களைக் கண்டு எழுந்தது போலும்!

நிற்க. பிறர் முன்னிலையில் இழிவுறுதலும் கார்ட்டிசாலைப் பெருக்குவதே. கலியாணப் பந்தியில் ஒரு பெண்ணின் பருமனைப் பரிகசிப்போர், அவள் பசியைக் குறைத்ததாக எண்ணலாகாது. அவள் வீடு சேர்ந்தபின் தனியே உண்பதை அவர்கள் கண்டிலர்.

ஓடுதற்கென்று ஆயத்தப்பட்ட உடலுக்கு நடையாவது வேண்டும். நமது சங்கத்து மைதானம் மாலைதோறும் பூட்டியே கிடக்கின்றது. பெண்டிர் உலாவுதற்காக அதனை நாள்தோறும் ஒரு மணி நேரம் திறந்துவிடுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கின்றேன்.