சூதுக்கு அளவு கட்டுவது யார்?

(வடபழனியில் பேசியதின் சுருக்கம்)



தெருவில் நாலு பேர் காசு வைத்துச் சீட்டாடினால் போலீசார் பிடித்துக்கொண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே சீட்டைக் கைப்பேசியில், முகம் தெரியாதவனோடு, நடு ராத்திரியில், வீட்டு வாடகைப் பணத்தை வைத்து ஆடினால் அது சூதல்ல, 'திறமை' என்றார்கள். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டந்தான் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதைக் கம்பெனிக்காரர்கள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் நடத்துகிறவன் அதில் லாபம் அடித்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பில் இருப்பதை மாத்திரம் மறந்துவிட்டார்கள்.

தமிழ்நாடு சர்க்கார் 2021-ல் போட்ட தடையை ஹைகோர்ட்டு தள்ளிற்று. 2022-ல் சட்டசபை நிறைவேற்றியதைக் கவர்னர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிய பிறகே சம்மதம் வந்தது. அதிலும் ரம்மிக்கும் போக்கருக்கும் இருந்த தடையை அவ்வருஷம் நவம்பரில் ஹைகோர்ட்டு நீக்கிவிட்டது.

பிறகு 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஆடக்கூடாது. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. இது நல்லதுதான். தனிமனித சுதந்திரம் போயிற்றென்று கம்பெனிக்காரர்கள் போட்ட கூச்சலை ஜூன் 3-ல் ஹைகோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பண விஷயத்தில் விதி என்ன சொல்லிற்று? நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று ஆடுகிறவனே அளவு கட்டிக்கொள்ள வேண்டுமாம்! நாம் கேட்கிறோம், தனக்குத்தானே அளவு கட்டத் தெரிந்தவன் கடன் வாங்கி ஆடுவானா? தருமன் என்று பேர் வைத்தவனிடமே அந்த அதிகாரத்தை விட்டதில் அளவு எங்கே போய் நின்றது? பெண்டாட்டியிடம் போய் நின்றது!

பிரிட்டனில் பந்தயக் கடை யந்திரங்களில் ஒரு ஆட்டத்துக்கு 100 பவுன் வரை வைக்கலாம் என்றிருந்ததை, 2019 ஏப்ரல் 1 முதல் சர்க்காரே 2 பவுனாகக் குறைத்தது. ஆடுகிறவனைக் கேட்டுக்கொண்டா குறைத்தார்கள்? இங்கேயோ 2023 அக்டோபர் முதல் கட்டுகிற பணத்தில் 100-க்கு 28 வரி வாங்கினார்கள். (1968-ல் தொடங்கி 2003 வரை லாட்டரிச் சீட்டு விற்றதும் நம் சர்க்கார்தான், அதையும் சொல்லிவிடுவோம்.) போகிற பணத்தில் பங்கு வாங்குகிறவனுக்கு அளவு கட்ட எப்படி மனம் வரும்?

2025 ஆகஸ்டில் டில்லி பார்லிமெண்டு, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாதென்று சட்டம் செய்தது. சந்தோஷம். ஆனால் உள்ளூர்க்காரன் கடையை மூடினால் வெளிநாட்டிலிருந்து நடத்துகிறவன் வருவான். அவனிடம் வயதும் கிடையாது, நேரமும் கிடையாது, அளவும் கிடையாது. அவனுக்குப் பணம் போவது பாங்கி வழியாகத்தான். பாங்கிகள் அதற்கு உதவக்கூடாதென்று அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு பிரிவை நடத்திக் காட்டுகிறார்களா என்றுதான் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.