கையெழுத்திடும் முன் வாசிப்போம்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாக உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு நடத்தப்பட்ட சட்டத்துறை வழிகாட்டல் அரங்கில், சட்டத்தரணிகளான பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எமது சங்கம் கூடத் தொடங்கிய நாட்களில் இந்நாட்டுப் பெண்களுக்கு நாட்டுத் தேர்தலில் வாக்கு இல்லை. அந்த உரிமை 1931இல் கிடைத்தது. பெண் என்ற காரணத்தால் ஒருவரைச் சட்டத்தொழிலில் சேராமல் தடுக்கக்கூடாது என்ற கட்டளைச்சட்டம் 1933இல் வந்தது. உயர் நீதிமன்றத்துக்கு முதன்முதலாக ஒரு பெண் நீதியரசர் நியமிக்கப்பட்டது 1996இல். இவ்வளவும் இந்தச் சங்கத்தின் ஆயுளுக்குள் நடந்தவை. "சட்டம் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஏற்ற படிப்போ?" என்று வீட்டில் யாரேனும் கேட்டால், இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

ஆனால் கறுப்பு அங்கியைப் பற்றிப் பேசுமுன் காகிதத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். எங்கள் அலுவலகங்களுக்கு வரும் தாய்மார் பலர் ஒரு பத்திரத்தை நீட்டி, "பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள். அதன் அடியில் அவர்களது கையெழுத்து ஏற்கெனவே இருக்கும். அவர்கள் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர். "இதில் வையுங்கோ" என்று யாரோ சொன்னார்கள், வைத்துவிட்டார்கள். அது காணி உறுதியாக இருக்கலாம். நுண்கடன் குழுவில் இன்னொருத்திக்குப் பிணை நின்ற படிவமாகவும் இருக்கலாம்.

எங்கள் மண்ணின் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டுச் சரியென்றனர். சீதனம் பெண்ணுடைய சொத்து என்று சொல்லும் இந்த வழமை சரியா என்று எந்தப் பெண்ணிடமும் கையொப்பம் கேட்கப்படவில்லை. பின்னர் 1911இல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. காணி அவளுடையது, உறுதியும் அவள் பெயரில். ஆனாலும் அவளது கையெழுத்து மட்டும் போதாது.

அதே கட்டளைச்சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்தது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தை நாடி அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்ற அனுமதியைப் பெறலாம். போருக்குப் பின் கணவனைத் தேடி அலைந்த எத்தனை பெண்களுக்கு இது தெரிந்திருந்தது? தெரிந்தவர் மனுத் தாக்கல் செய்தார். தெரியாதவர், பிள்ளையின் படிப்புக்குக் கூடத் தன் காணியைப் பயன்படுத்த முடியாமல் காத்திருந்தார். கணவன் இறந்துவிட்டார் என்று எழுத மனம் ஒப்பாத பெண்கள், அவரைக் காணவில்லை என்பதற்கே சான்றிதழ் பெற 2016இல்தான் சட்டம் வழி செய்தது. இவற்றை எளிய தமிழில் எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். விதியில் பிழை இருந்தால் அதை மாற்றச் சொல்லி வாதாடவும் ஆட்கள் வேண்டும். தங்கைமாரே, உங்களைத் தேடி நாங்கள் வந்த காரணம் இதுதான்.

இனி வழியைச் சொல்கிறோம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் பல்கலைக்கழகங்களில் சட்டம் கற்கலாம். திறந்த பல்கலைக்கழகத்திலும் கற்கலாம். அல்லது நுழைவுப் பரீட்சை எழுதி இலங்கைச் சட்டக்கல்லூரிக்கு நேரே செல்லலாம். பட்டம் பெற்றவர்களும் சட்டக்கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும். பின்னர் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால் நீங்கள் சட்டத்தரணி. வழக்காடுவது மட்டும் தொழில் அல்ல. நொத்தாரிசு, நீதவான், அரச சட்டவாதி, சட்டவரைஞர், வங்கிச் சட்ட அலுவலர் என்று பல கதவுகள் உண்டு. 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, பணமில்லாதவருக்காக வழக்காடுகிறது. அங்கும் ஆட்கள் தேவை.

கஷ்டத்தையும் மறைக்கமாட்டோம். தொடக்க ஆண்டுகளில் வருமானம் சொற்பம். ஒரு தவணைக்காகக் காலை முழுதும் காத்திருந்து, வழக்கு ஒத்திவைக்கப்பட்டு வீடு திரும்பும் நாட்கள் நிறைய. ஆங்கிலத்தில் தீர்ப்புகளை வாசிக்கும் பயிற்சி கட்டாயம் வேண்டும். சிங்களமும் தெரிந்தால் பெரிய பலம்.

வைத்தியராகவோ ஆசிரியராகவோ வர விரும்பும் பிள்ளைகளே, எழுந்து போய்விடாதீர்கள். குடியியற் கல்விப் பாடம் பரீட்சையோடு முடிவதில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய அரசியலமைப்பு தரும் காலம் ஒரு மாதம். அதைத் தெரியாமல் தவறவிட்டவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம் வீதி வேலைக்கு எவ்வளவு செலவானது என்று நீங்களே கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. பதினெட்டு வயதில் வாக்கு உங்கள் கைக்கு வரும்போது இவையும் உங்கள் கையில் இருக்கட்டும்.

இவ்வுரையை மலரில் வாசிக்கப்போகும் அக்காமாரிடமும் இரண்டு வேண்டுகோள்கள். உள்நாட்டில் சட்டத்துறையில் இருப்பவர்கள், ஆண்டுக்கு ஒருநாள் எமது மாணவிகள் சிலரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். விசாரணைகள் பொதுவாகத் திறந்த மன்றத்தில்தான் நடைபெறுகின்றன. பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. தொலைவில் வாழ்பவர்களே, ஊர்க் காணிக்காக அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புமுன் என்னென்ன அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்பதை வரி வரியாக வாசியுங்கள். பராமரிக்கக் கொடுக்கிறீர்களா, விற்கவும் கொடுக்கிறீர்களா? குடும்பங்கள் பிரிந்த வழக்குகள் பல இந்த ஒரு வரியில் தொடங்கியவை.

தேநீர் இடைவேளைக்குப் பின், பெயர்கள் நீக்கிய மாதிரிக் காணி உறுதியொன்றை உங்கள் ஒவ்வொருவர் கையிலும் தரப்போகிறோம். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் எங்கே ஒப்பமிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லைகளை வாசியுங்கள். விளங்காத சொல்லின் கீழ் கோடிடுங்கள். அந்தக் கோடுகளிலிருந்து அடுத்த அமர்வைத் தொடங்குவோம்.