தள்ளுபடி என்றால் முடிந்துவிட்டதா?

தோழர்களே, திருவரங்கத்துப் பக்கம் எங்கள் சேரியின் சுடுகாட்டுப் பாதையை மறித்தவர்கள்மீது வழக்குப் போட்டவர் என் அப்பா. ஒரு வாய்தா அன்று வாழைத்தார் வெட்டப் போய்விட்டார், வக்கீலும் வரவில்லை. எதிர்த்தரப்பு வந்திருந்தது. வழக்கு தள்ளுபடி.

அதே காரணத்துக்குப் புது வழக்குப் போட முடியாது. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 9 இருக்கிறது. வராததற்குத் தக்க காரணம் காட்டி, 30 நாளுக்குள் வழக்கை மறுபடி எடுக்கக் கேட்கலாம். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் வேண்டும். வக்கீலின் தவறுக்கு அப்பாவிக் கட்சிக்காரர் பலியாகக் கூடாதென்று 1981இலேயே ரபீக் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. (எதிர்த்தரப்புக்கு மட்டும் எல்லா விதியும் தெரியும்!) எட்டு மாதம் கழித்துத்தான் மனு போட்டோம். அடுத்த வாரம் விசாரணை, திருச்சியில். வாருங்கள்.