சுருக்கமும் உரையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



இளையவர்கள் கைத்தொலைபேசியில் எழுதும் தமிழைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். மொழியைக் கெடுக்கிறார்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருக்கி எழுதும் பழக்கம் எங்கள் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160 கொள்ளும். தமிழென்றால் 70 தான். அதிலும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் கணக்கு. பழைய தொலைபேசிகள் பலவற்றில் தமிழே தெரியாது. ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில், உயிரெழுத்துகளை விழுங்கி விழுங்கி எழுதினோம்.

இன்று பிள்ளைகள் எழுத்தையும் விட்டுவிட்டு ஒரு படத்தை அனுப்புகிறார்கள். 'மீம்' என்ற சொல்லை 1976இல் உருவாக்கியவர் உயிரியலாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸ். மரபணுவைப் போலப் படியெடுத்து, மனத்திலிருந்து மனத்துக்குப் பரவும் கருத்துக்கு அவர் வைத்த பெயர் அது. 2019 மே மாதக் கடைசியில் நேசமணிக்காகப் பிரார்த்திக்கும்படி உலகெங்கும் தமிழர்கள் எழுதியது நினைவிருக்கும். 2001இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழுந்ததற்கு, பதினெட்டு வருடம் கழித்துச் சுகம் விசாரிப்பு! படம் பார்த்தவருக்கு அந்தப் பெயர் மட்டும் போதும். பார்க்காதவர்கள், யார் இந்த நேசமணி என்று கேட்டார்கள்.

சுருக்கத்தின் இயல்பு அதுதான். எங்கள் கரையில் "சோளகம் எழும்பிட்டுது" என்றால் கடற்றொழிலாளர் வீட்டில் மேலதிக விளக்கம் தேவையில்லை. தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும், படகும் வலையும் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவருக்கு அது வெறும் காற்று. வள்ளுவர் ஏழு சீரில் சுருக்கினார். ஆனால் எங்கள் முன்னோர் அதோடு நிற்கவில்லை. பரிமேலழகர் போன்றவர்கள் இருந்து உரை எழுதினார்கள்.

மருத்துவராக எனக்கு அந்த உரைதான் முக்கியம். வயதான அம்மா ஒருவர் வந்து "ஒரே யோசினை" என்பார். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூரத்திலுள்ள மகனிடமிருந்து செய்தி இல்லை என்பதெல்லாம் அதற்குள் இருக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளை "செத்துட்டன்" என்று எழுதி மண்டையோட்டுப் படம் போட்டால், பெரும்பாலும் விழுந்து விழுந்து சிரித்தாள் என்றுதான் பொருள். ஆனால் எப்போதும் அல்ல. படத்தைப் பார்த்து நாங்களாக முடிவு கட்ட முடியாது. "என்னம்மா, அப்படியென்றால் என்ன?" என்று கேட்கத்தான் வேண்டும். சாக நினைக்கிறாயா என்று நேரே கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற இலக்கத்தைக் குறித்து வையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை அது, இரவிலும் அழைக்கலாம்.

எங்கள் வயதினரிடமும் ஒரு சுருக்கம் உண்டு: '90'. வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி "அது 90க்கு முதல்" என்று எழுதினால் எல்லோரும் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் என்ன விளங்குகிறது? ஒருத்திக்கு அது இராமேஸ்வரத்துக்குப் போன படகும் மண்டபம் முகாமும். இன்னொருத்திக்கு மடுக் கோயில் வளவில் அடித்த கூடாரம். எருக்கலம்பிட்டித் தோழிக்கோ, அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, வீடு வாசலை விட்டுக் கற்பிட்டிக்குப் போன கடற்பயணம். இலக்கம் ஒன்று, கதை மூன்று. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுக்கிடையிலேயே இப்படியென்றால், ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த எங்கள் மகள்மாருக்கு 90 என்பது அம்மம்மாவின் வயது மட்டுமே.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்புக் குழுவில் அடிக்கடி வரும் சுருக்கம் ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு பக்கம் உரை எழுதுங்கள். ரீச்சர் ஒருவரின் பட்டப்பெயராகவும் இருக்கலாம். 90 ஆகவும் இருக்கலாம். எழுதியதை முதலில் உங்கள் வகுப்புத் தோழிக்கே காட்டுங்கள். அவளுடைய உரை வேறாக இருந்தால் அதையும் பக்கத்தில் சேருங்கள். சங்கம் அவற்றைத் தொகுத்து வைக்கட்டும்.

மகள் அனுப்பும் மீம் விளங்காவிட்டால் வெட்கப்படாமல் அவளிடமே பொருள் கேளுங்கள். சொல்லித் தருவாள். பிறகு, "அம்மா, உங்கட குழுவில 90 என்று போடுறீங்களே, அது என்ன?" என்று அவள் கேட்டால், சோற்றுக்கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போகாமல், இருந்து சொல்லுங்கள்.